உள்ளங்கை அகல வானம்



ஓவியம் பற்றிய பேச்சு என்றதும் பெரிய பெயர்களையும் பெரிய படங்களையும் எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். நான் பேசப்போவது சின்னப் படங்களைப் பற்றி. எவ்வளவு சின்னது என்று கேட்டால், லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கும் ஒன்றைச் சொல்கிறேன். உயரம் சுமார் 11 சென்டிமீட்டர், அகலம் 16. நம் அஞ்சலட்டையைவிடக் கொஞ்சம்தான் பெரிது. நேப்பிள்ஸ் நகரத்து வீடு ஒன்றின் காரை பெயர்ந்த சுவர், அதில் ஒரு சிறு பால்கனி, காயப்போட்ட துணிகள், மேலே ஒரு கீற்று நீல வானம். படத்தில் இருப்பது இவ்வளவே. வேல்ஸ் நாட்டுக்காரரான தாமஸ் ஜோன்ஸ் 1782 வாக்கில் வரைந்தது. 1803இல் அவர் இறந்தார். வெளி உலகத்துக்கு அவர் காட்டியவை வேறு படங்கள். இத்தாலியில் காகிதத்தில் வரைந்த இந்தச் சிறு படங்கள் குடும்பத்தாரிடமே கிடந்தன. 1954இல் அவை ஏலத்துக்கு வந்த பிறகுதான் ஜோன்ஸ் என்று ஒருவர் இருந்ததே பலருக்குத் தெரிந்தது.

இந்தப் படத்தை வைத்தே என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். ரொமாண்டிக் காலத்துச் சிறு நிலக்காட்சிகளைப் பெரிய படங்களின் ஏழைத் தம்பிகள் என்று நினைப்பது வழக்கம். பெரியதை வாங்கப் பணமில்லாதவர் சிறியதை வாங்குகிறார் என்பது பொதுப் பேச்சு. நான் அப்படி நினைக்கவில்லை. அவை வேறு தேவைக்காக, வேறு வேகத்தில், வேறு தூரத்திலிருந்து பார்ப்பதற்காக வரையப்பட்டவை. அந்தத் தூரம் ஒரு கை நீளம். கூட்டம் நகரும் மண்டபத்தில் கயிற்றுக்குப் பின்னால் நின்று அவற்றைப் பார்க்க முடியாது. வீட்டில்தான் முடியும். ஆகவே, வீட்டுக்காக இவற்றைச் சேர்ப்பவர் படத்தை அதன் சொந்த இடத்துக்குக் கொண்டுவருகிறார் என்பது என் வாதம்.

காலத்தைச் சொல்லிவிடுகிறேன். ஏறத்தாழ 1780 முதல் 1850 வரை. அதற்கு முன்னும் ஐரோப்பாவில் நிலக்காட்சி வரைந்தார்கள். ஹாலந்தில் 17ஆம் நூற்றாண்டிலேயே அது தனி வகையாக நின்றது. ஆனால் அகாடமிகளின் கணக்கில் அது கீழ்ப்படி. மலையும் மரமும் வேண்டுமென்றால் முன்னால் ஒரு கிரேக்கத் தெய்வமோ ஒரு விவிலியக் கதையோ இருக்க வேண்டும். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிடி தளர்ந்தது. மூடுபனியே கதையானது, நிலவே பாத்திரமானது. அதே சமயம் டிரெஸ்டன், கோபன்ஹேகன், வியன்னா, தி ஹேக் போன்ற ஊர்களில் வழக்கறிஞர்களும் மருத்துவர்களும் வணிகர்களும் படம் வாங்கத் தொடங்கினார்கள். அவர்களிடம் அரண்மனைச் சுவர் இல்லை. கணப்பு அடுப்பு, சோபா, மேசை போக மிஞ்சிய இடம் இரண்டு முழம். படத்தின் அளவை நிர்ணயித்ததில் அந்தச் சுவருக்கும் பங்குண்டு.

இப்போது இந்தச் சிறு படங்களுக்குள் இருக்கும் பெரிய பிரிவுக்கு வருகிறேன். சேகரிப்பவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். ஒன்று, ஓவியர் வெளியே போய், இடத்திலேயே உட்கார்ந்து, தனக்காக எண்ணெய் வண்ணத்தில் போட்ட ஸ்கெட்ச். இன்னொன்று, ஓவியக்கூடத்தில் விற்பனைக்காக முடித்த சிறு படம். இரண்டும் ஒரே அளவில் இருக்கலாம், ஒரே மலையைக் காட்டலாம். ஆனால் குணம் வேறு.

முதல் வகைக்குச் சட்டம் எழுதியவர் பிரெஞ்சுக்காரரான பியேர் ஆன்றி த வலான்சியென். 1750இல் பிறந்தவர். 18ஆம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் அவர் வெளியிட்ட பாடநூலில் மாணவர்களுக்குக் கறாரான ஒரு நேரக்கட்டுப்பாடு இருக்கிறது. வெளியில் போடும் எந்த ஸ்கெட்சுக்கும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் எடுக்காதே. சூரியன் உதிக்கும்போதோ மறையும்போதோ வரைந்தால் அரை மணி நேரம்தான். அதற்குமேல் உட்கார்ந்தால் நிழல் நகர்ந்துவிடும், நீ வரைவது பொய்யாகிவிடும் என்பது காரணம். அவரே ரோமில் ஒரே வீட்டுக் கூரையை இரண்டு முறை வரைந்திருக்கிறார், ஒன்று வெயிலில், ஒன்று நிழலில். இரண்டும் இன்று லூவரில் இருக்கின்றன. மோனே வைக்கோல்போர்களை வரிசையாக வரைந்தது 1890ஐ ஒட்டித்தான். அதற்கு நூறு ஆண்டுக்கு முன்பே ஒருவர் இதைச் செய்துவிட்டு, காட்சிக்கு வைக்காமல் தன்னிடமே வைத்துக்கொண்டார். அவருடைய ஸ்கெட்சுகள் நன்கொடையாக லூவருக்கு வந்தது 1930இல்தான்.

எப்படி வரைந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வாங்கும்போது இது பயன்படும். கித்தானைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி மலைமேல் தூக்கிப்போவது சிரமம். ஆகவே காகிதம். அதன்மேல் எண்ணெய் உறிஞ்சப்படாதபடி ஒரு பூச்சு. வண்ணப்பெட்டியின் மூடிக்கு உட்புறம் அந்தக் காகிதத்தைக் குத்தி வைத்து, பெட்டியை மடியில் வைத்து வரைவார்கள். வண்ணக்குழம்பு பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைக்கப்பட்டிருக்கும். ஊசியால் குத்திப் பிதுக்கி எடுக்க வேண்டும். பிறகு ஓட்டையை அடைக்க ஒரு ஆணி. இன்று நாம் பார்க்கும் உலோகக் குழாய் 1841இல்தான் வந்தது, ஜான் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியரின் கண்டுபிடிப்பு. வரைந்த காகிதத்தைப் பின்னாளில் யாரோ கித்தானிலோ அட்டையிலோ ஒட்டியிருப்பார்கள். ஓரங்களில் குண்டூசித் துளை தெரிந்தால் மகிழுங்கள். அந்தப் படம் வெளியில் போய் வந்திருக்கலாம்.

ஸ்கெட்சுக்கும் முடித்த படத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்ட ஒரு எடுத்துக்காட்டு போதும். கமீய் கொரோ 1826இல் இத்தாலியில் நார்னி என்ற ஊரின் இடிந்த ரோமானியப் பாலத்தை ஸ்கெட்ச் செய்தார். 34க்கு 48 சென்டிமீட்டர், காகிதத்தில். லூவரில் இருக்கிறது. பாலத்தின் கீழே ஆறு, முன்னால் கரடுமுரடான மண் சரிவு, மேலே காலை வெளிச்சம். மறுஆண்டு பாரிஸ் சலோன் கண்காட்சிக்காக அதையே பெரிதாக வரைந்தார். அந்தப் படம் கனடாவில் ஒட்டாவாவில் இருக்கிறது. அதில் கரடுமுரடான சரிவு காணாமல் போய்விட்டது. அதற்குப் பதிலாக ஒரு ஒழுங்கான பாதை, ஆடுகள், ஓரத்தில் குடைபோன்ற பைன் மரங்கள். சபைக்குப் போகும்போது போட்டுக்கொள்ளும் சட்டை அது. நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எதை வீட்டில் மாட்டுவீர்கள் என்று என்னைக் கேட்டால், யோசிக்கவே மாட்டேன்.

இங்கிலாந்தில் ஜான் கான்ஸ்டபிள் 1821, 1822 ஆண்டுகளில் லண்டனை ஒட்டிய ஹாம்ஸ்டெட் மேட்டில் குடியிருந்தபோது வானத்தை மட்டும் வரைந்துகொண்டிருந்தார். மரம் இல்லை, வீடு இல்லை, வெறும் மேகம். காகிதத்தின் பின்புறம் தேதி, மணி, காற்றின் திசை, மழை வந்ததா இல்லையா என்றெல்லாம் குறித்து வைத்தார். வானிலை ஆராய்ச்சியாளர்கள் அந்தக் குறிப்புகளை அன்றைய பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். அவற்றை அவர் விற்க எண்ணவில்லை. மகள் இசபெல் 1888இல் தந்தையின் ஸ்கெட்சுகளில் நிறையவற்றை இன்றைய விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். முன்பக்கத்தை மட்டும் பார்த்துப் படம் வாங்குபவர்களுக்கு நான் கான்ஸ்டபிளைத்தான் நினைவூட்டுவேன். பாதி விஷயம் முதுகில் இருக்கிறது.

ஆனால் இந்தக் கதையின் நடுவீடு டிரெஸ்டனில், எல்பே ஆற்றங்கரையில் இருந்தது. 33ஆம் எண் வீடு. காஸ்பர் டேவிட் பிரீட்ரிஷ் 1820இல் அங்கே குடிவந்தார். மூன்று ஆண்டு கழித்து அதே வீட்டின் வேறொரு தளத்துக்கு நார்வே நாட்டு ஓவியர் யோஹான் கிறிஸ்டியன் டால் குடும்பத்தோடு வந்தார். பிரீட்ரிஷ் இறக்கும்வரை, அதாவது 1840வரை, இருவரும் ஒரே கூரையின் கீழ். இருவருக்கும் வயது வித்தியாசம் பதினான்கு. குணத்தில் அதைவிட அதிகம்.

பிரீட்ரிஷ் வெளியே போய்ப் பென்சிலால் பாறையையும் மரக்கிளையையும் துல்லியமாகக் குறித்து வருவார். வண்ணம் தீட்டுவது அறைக்குள். அவருடைய அறையை நண்பர் கெர்ஸ்டிங் வரைந்திருக்கிறார். ஓவியச் சட்டம், ஒரு நாற்காலி, சுவரில் தொங்கும் சில கருவிகள், கீழ்ப்பாதி அடைத்த ஜன்னல். வேறு எதுவும் இல்லை. அந்த வெறுமையிலிருந்துதான் அவருடைய நிலாக்கள் வந்தன. நிலவைப் பார்த்து நிற்கும் இரண்டு ஆண்களின் படம் 1819ஐ ஒட்டியது, 35க்கு 44 சென்டிமீட்டர்தான். ஒரு தினசரியை மடித்து வைத்தால் மறைந்துவிடும். அதை அச்சில் பெரிதாக்கிப் பார்த்தவர்கள் டிரெஸ்டனில் நேரில் பார்க்கும்போது திகைத்துப்போகிறார்கள்.

டால் நேர்மாறு. 1820 டிசம்பரில் வெசூவியஸ் எரிமலை கக்கியபோது பக்கத்தில் போய்ப் பார்த்து வரைந்தவர். டிரெஸ்டனில் ஜன்னலைத் திறந்தால் எல்பே ஆறும் அகண்ட வானமும். தினமும் வரைந்தார். மழை முடிந்த மேகம், விடியலுக்கு முன் சாம்பல் நிறம், ஆற்றில் விழுந்த நிலா. பலவற்றில் கையெழுத்தும் தேதியும் போட்டார், சேகரிப்பவருக்கு அது பெரிய உபகாரம். மாடிப்படியில் ஏறி இறங்கிய தாக்கத்தால்தானோ என்னவோ, அறையை விட்டு வண்ணத்தை வெளியே எடுக்காத பிரீட்ரிஷே 1824 வாக்கில் சில மாலை வானங்களை எண்ணெயில் ஸ்கெட்ச் செய்திருக்கிறார். ஒரு வீட்டில் இரண்டு ஓவியர்கள் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஐரோப்பியக் கலை வரலாற்றில் இதைவிட இனிமையான சாட்சி எனக்குத் தெரியவில்லை. பெரும்பாலும் சண்டைதான் நடக்கும்.

இரண்டாவது வகை, விற்பனைக்கான சிறு படம். இதில் முன்னால் நிற்பவர்கள் டச்சுக்காரர்கள். தி ஹேக் நகரத்து ஆந்திரியாஸ் ஸ்கெல்பவுட் உறைந்த கால்வாயும் சறுக்கி விளையாடும் மக்களுமாகக் குளிர்காலத்தை வரைந்து தள்ளினார். பேரன்ட் கொர்னேலிஸ் கூக்குக் 1834இல் ஜெர்மனியின் கிளேவ ஊருக்குக் குடிபோய், பெரிய ஓக் மரங்களும் தொலைவில் கோட்டையும் பொன் வெளிச்சமுமாக வரைந்தார். குடும்பமே ஓவியர்கள். தந்தை, தம்பிகள், பிள்ளைகள், பேரர்கள் என்று கூக்குக் பெயரில் இத்தனை பேர் வரைந்திருப்பதால் பெயரின் முதல் எழுத்துகளைக் கவனமாகப் பார்க்காதவர் நிச்சயம் ஏமாறுவார். மியூனிக்கில் கார்ல் ஸ்பிட்ஸ்வெக், படிப்பால் மருந்தாளர், சுருட்டுப் பெட்டியின் மூடிப்பலகைகளில்கூட வரைந்தார்.

இந்த வகை மீது எனக்கு மதிப்பு உண்டு, மயக்கம் இல்லை. கைத்திறன் அபாரம். இலைக்கு இலை, பனிக்குப் பனி. ஆனால் பத்தில் ஏழு படங்களில் ஓவியர் நம்மைச் சந்தோஷப்படுத்த ரொம்பப் பாடுபட்டிருக்கிறார். நிலா சரியாக இடிபாட்டு ஜன்னலுக்குள் வந்து உட்காரும். மேய்ப்பன் சரியாகச் சிவப்புச் சால்வை போட்டிருப்பான். முதல் மாதம் அழகாக இருக்கும். மூன்றாம் மாதம் சுவரில் அது இருப்பதே கண்ணில் படாது. ஸ்கெட்ச் அப்படிச் சலிப்பதில்லை. ஏனென்றால் அதில் முடிக்காமல் விட்ட இடம் இருக்கிறது. தினமும் பார்க்கும் கண்ணுக்கு அங்கே வேலை இருக்கிறது.

இரண்டிலும் அடங்காத ஒருவரையும் சொல்லாமல் போக மனமில்லை. பேதர் பால்கே. நார்வேக்காரர், 1804இல் பிறந்தவர், டாலிடம் டிரெஸ்டனில் பழகியவர். 1832இல் ஐரோப்பாவின் வடகோடியில் உள்ள நார்த் கேப்வரை போனார். அந்தக் கடலை வாழ்நாள் முழுக்க மறக்கவில்லை. பிரெஞ்சு மன்னர் லூயி பிலிப் படங்கள் வரையச் சொன்னார். 1848 புரட்சியில் மன்னரே போய்விட்டார், அதோடு அந்த வேலையும் போனது. சந்தை கைவிட்டது. பால்கே தொழிலாளர்களுக்கு வீடு கட்டும் திட்டங்களில் இறங்கினார். ஓவியத்தைத் தனக்காக மட்டும் வைத்துக்கொண்டார். அந்த நாட்களில் உள்ளங்கை அகலப் பலகைகளில், கறுப்பும் வெள்ளையும் சாம்பலுமாக, வண்ணத்தைத் தடவி, துடைத்து, சுரண்டி, புயலும் கலங்கரை விளக்கமும் வடதுருவ வெளிச்சமும் வரைந்தார். நேஷனல் கேலரிக்கு 2010இல் வந்த அவருடைய புயல் படம் 12க்கு 16.5 சென்டிமீட்டர். விற்க வேண்டிய கட்டாயம் போனபிறகு அவர் வரைந்தவைதான் இன்று அவரை அவராக்குகின்றன.

மறதி பற்றி ஒரு வார்த்தை. பிரீட்ரிஷ் இறந்தபோதே ஊர் அவரை மறந்திருந்தது. நார்வே கலை வரலாற்றாளர் ஆந்திரியாஸ் ஆபெர்ட் தன் நாட்டு டாலைப் பற்றித் தேடப்போன இடத்தில்தான் மாடிவீட்டு பிரீட்ரிஷ் மறுபடி அகப்பட்டார். 1906இல் பெர்லினில் நூற்றாண்டுக் கண்காட்சி நடந்தபோது அவர் பெரிய ஓவியராக எழுந்தார். அடுத்து ஒரு துயரம். 1931 ஜூன் 6 அதிகாலையில் மியூனிக் கண்ணாடி மாளிகை தீப்பற்றி எரிந்தது. ஜெர்மன் ரொமாண்டிக் ஓவியர்களின் சிறப்புக் கண்காட்சி அங்கே நடந்துகொண்டிருந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் சாம்பல். பல வீடுகளிலும் ஊர்களிலும் சிதறிக் கிடந்தபோது பிழைத்திருந்தவை, கௌரவிக்க ஒன்றாகக் கொண்டுவந்தபோது அழிந்தன.

சேகரித்தவர்களில் எனக்குப் பிடித்தவர்கள் ஜான் கியர், சார்லட் கியர் என்ற லண்டன் தம்பதி. ஜான் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் சித்திரங்கள் பிரிவின் பொறுப்பாளராக இருந்தவர். சம்பளக்காரர். 1950களில் தொடங்கி இருவரும் இந்த ஸ்கெட்சுகளைச் சேர்த்தார்கள். அப்போது யாரும் இவற்றைச் சீந்தவில்லை. கையெழுத்து இல்லை, இடம் தெரியாது, முடிக்காத படம் போலிருக்கிறது என்று தள்ளிவிட்டார்கள். கியர் தம்பதியின் கண்ணுக்கு ஓவியம் தெரிந்தது. வீட்டுச் சுவர்களில் மாட்டிவைத்தே வாழ்ந்தார்கள். 1999இல் நேஷனல் கேலரி அந்தத் தொகுப்பைக் காட்சிக்கு வைத்தது. இன்று உலகத்தின் பெரிய அருங்காட்சியகங்கள் இந்த வகையைத் தேடித் தேடி வாங்குகின்றன. ஆகவே டாலின் மேகம் இனி நம்மைப் போன்றவர்களுக்கு இல்லை. ஆனால் பெயர் தெரியாத ஓவியரின் நல்ல மேகம் இன்னும் இருக்கிறது. ஜெர்மனியிலும் டென்மார்க்கிலும் சின்ன ஊர் ஏலங்களில் அவை ஒரு நல்ல கைபேசியின் விலைக்குள் வருகின்றன. ஏலத்தில் விழுந்த விலைக்கு மேல் நிறுவனத்தின் கட்டணம் பெரும்பாலும் கால் பங்கை ஒட்டி வரும், அனுப்பும் செலவும் சுங்கமும் தனி. அதை முன்கூட்டியே கணக்கிட்டுக்கொண்டு கை தூக்குங்கள்.

எப்படிப் பார்ப்பது? முதலில் திருப்புங்கள். விற்பவர் திருப்ப விடவில்லை என்றால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடலாம். பலகையா, கித்தானா, அட்டையா, அட்டையில் ஒட்டிய காகிதமா? வண்ணக் கடையின் முத்திரையோ சீட்டோ இருக்கிறதா? இங்கிலாந்தில் வின்சர் நியூட்டன் கடை 1832இல் தொடங்கியது. அந்தச் சீட்டு ஒட்டிய அட்டையில் 1810 என்று தேதி இருந்தால் சிரித்துவிட்டு நகருங்கள். பிரெஞ்சுப் படங்களில் ஓவியர் இறந்தபின் கூடத்தில் கிடந்தவற்றை விற்றபோது குத்திய முத்திரை இருக்கலாம். கொரோவின் 1875 ஏல முத்திரை பிரபலம். ஆனால் முத்திரையையும் போலி செய்யலாம்.

கையெழுத்தைக் கடைசியில் பாருங்கள். பிரீட்ரிஷ் பெரும்பாலும் கையெழுத்துப் போடவே மாட்டார். ஆகவே ஒரு நிலாப்படத்தின் மூலையில் அவருடைய முதலெழுத்துகள் பளிச்சென்று தெரிந்தால் சந்தேகம் கூடவேண்டும், குறையக்கூடாது. கொரோ நிலைமை இன்னும் மோசம். இரக்க மனதுள்ள மனிதர், மாணவர்களின் படத்தைத் திருத்திக் கொடுத்துத் தன் பெயரையே போட்டதும் உண்டு. அவர் வரைந்ததைவிடப் பல மடங்கு கொரோக்கள் அமெரிக்காவில் இருக்கின்றன என்று ஒரு பழைய கேலி உண்டு. கான்ஸ்டபிள் விஷயத்தில் மோசடி எதுவும் இல்லாமலே குழப்பம். அவருடைய கடைசி மகன் லயனல் வரைந்த சிறு நிலக்காட்சிகள் வெகுகாலம் தந்தையின் பெயரில் உலவின. 1982இல் லண்டன் டேட் கேலரி ஒரு கண்காட்சி வைத்துப் பிரித்துக்காட்டியது. பெயர் மாறியதால் அந்தப் படங்களின் புல்லும் மரமும் வாடிவிடவில்லை, விலை மட்டும் வாடியது.

ஏலப் பட்டியலின் மொழியையும் பழகிக்கொள்ள வேண்டும். ஓவியரின் முழுப்பெயர் மட்டும் இருந்தால் அவரே வரைந்தார் என்று நிறுவனம் நம்புகிறது. அவருடையதாகக் கருதப்படுவது என்றால் பாதி நம்பிக்கை. அவர் வட்டம் என்றால் அவர் காலத்தில், பக்கத்தில் இருந்த யாரோ. அவர் பாணி என்றால் பின்னால் வந்த யாரோ. அவரைப் பின்பற்றி என்றால் நகல். வட்டத்தில் வரும் படங்களைத்தான் நான் அதிகம் துருவிப் பார்ப்பேன். டிரெஸ்டன் அகாடமியில் டாலைச் சுற்றி எத்தனையோ இளைஞர்கள் வந்து படித்துப் போனார்கள். அவர்களில் சிலர் ஒரே ஒரு மாலையில் ஆசானுக்கு நிகராக வரைந்திருக்கக்கூடும்.

வண்ணங்கள் தேதி சொல்லும். செயற்கை அல்ட்ராமரின் நீலம் 1820களின் பிற்பாதியில் வந்தது. விரிடியன் என்ற பச்சை 1859க்குப் பிறகு பரவியது. டைட்டேனியம் வெள்ளை 20ஆம் நூற்றாண்டுப் பொருள். 1830 என்று சொல்லப்படும் மேகத்தில் அது இருந்தால் மேகம் புதியது, அல்லது பின்னால் யாரோ ஒட்டுப்போட்டிருக்கிறார். இதற்கு ஆய்வகம் வேண்டும். நீங்கள் வீட்டிலேயே செய்யக்கூடியது புறஊதா விளக்குச் சோதனை. இருட்டில் பிடித்தால் பழைய பிசின் வார்னிஷ் பச்சை கலந்து ஒளிரும், மேலே போட்ட புது ஒட்டுகள் கறுப்புத் திட்டாகத் தெரியும். வானத்தில் பாதி கறுத்தால் பாதி வானத்துக்குத்தான் காசு கொடுக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்துவிட்டது, எங்கே மாட்டுவது? உட்கார்ந்தால் கண்ணுக்கு நேரே வரும் உயரத்தில். எழுதுமேசை பக்கம், சாப்பாட்டு மேசை பக்கம், மாடிப்படித் திருப்பம். வரவேற்பறையின் பெரிய சுவரில் தனியாக மாட்டாதீர்கள், பரிதாபமாக இருக்கும். ஜன்னலுக்கு எதிரே நேர்வெயில் படக்கூடாது. படத்துக்கு மேலே வைக்கும் சின்ன விளக்கு சூடு தரும், அது வேண்டாம். சென்னை, நாகப்பட்டினம் மாதிரிக் கடலோர ஊர்களில் பெரிய எதிரி ஈரப்பதம். பகலில் குளிரூட்டி, இரவில் நிறுத்தம் என்று ஏறி இறங்கும் அறையில் பலகைப் படம் வளையும், வண்ணம் உரியும். ஏறி இறங்காமல் ஒரே நிலையில் இருப்பதுதான் முக்கியம். மழைக்காலத்தில் வெளிச்சுவரில் மாட்டாதீர்கள், சுவர் வியர்க்கும். சுவருக்கும் சட்டத்துக்கும் இடையே கீழ்மூலைகளில் தக்கைத் துண்டு வைத்தால் காற்று போகும். காகிதத்தில் வரைந்ததற்கு இராமபாணப் பூச்சி பயமும் உண்டு. பின்பக்கத்தை அமிலமற்ற அட்டையால் மூடுவது நல்லது, ஆனால் பழைய சீட்டும் எழுத்தும் இருந்தால் அவற்றைக் கிழித்துவிடாமல்.

அழுக்கை நீங்களே துடைக்காதீர்கள். உருளைக்கிழங்கு, வெங்காயம், ரொட்டி என்று பாட்டி வைத்தியம் சொல்பவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். பயிற்சி பெற்ற பாதுகாப்பாளர் இல்லாவிட்டால் மஞ்சளாகவே இருக்கட்டும். நூற்றைம்பது வருஷம் இருந்த மஞ்சள் இன்னும் பத்து வருஷம் இருக்கும்.

பேச்சு இவ்வளவுதான். கேள்விகளுக்கு வருகிறேன்.

ஒரு அன்பர் அச்சுப்பிரதி போதாதா என்று எழுதிக் கேட்டிருக்கிறார். தொடங்குவதற்குப் போதும். ஆனால் ஒரு நிபந்தனை. அசல் அளவிலேயே அச்சிடுங்கள். ஜோன்ஸின் சுவரை 11க்கு 16 சென்டிமீட்டரில் அச்சிட்டுச் சட்டம் போட்டு மேசை மேல் வையுங்கள். ஆறு மாதம் கழித்தும் பார்த்துக்கொண்டிருந்தால் அசலைத் தேடத் தகுதி வந்துவிட்டது.

இன்னொருவர் இந்தியாவுக்குக் கொண்டுவந்த பின் திரும்ப அனுப்ப முடியுமா என்று கேட்கிறார். நம் நாட்டில் தொல்பொருள், கலைச்செல்வங்கள் சட்டம் 1972 என்று ஒன்று இருக்கிறது. நூறு வயது கடந்த ஓவியம் தொல்பொருள் என்ற வரையறைக்குள் வரக்கூடும், தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பத் தடை உண்டு. ஆகவே திரும்ப விற்று லாபம் பார்க்கலாம் என்று கணக்குப் போடுபவர்கள் முதலில் வழக்கறிஞரைப் பாருங்கள். இறக்குமதித் தாள்களைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசிக் கேள்வி, நம் ஊர் நிலத்தைக் காட்டும் இந்தக் காலத்துப் படம் ஏதும் உண்டா என்பது. உண்டு. தாமஸ் டேனியல், அவர் சகோதரர் மகன் வில்லியம் டேனியல் இருவரும் 1792, 1793இல் தென்னிந்தியா முழுக்கச் சுற்றினார்கள். மாமல்லபுரம், தஞ்சாவூர், மதுரை, திருநெல்வேலிச் சீமையில் பாபநாசம் அருவி எல்லாம் வரைந்தார்கள். லண்டன் திரும்பி 1795 முதல் 1808வரை 144 அக்வாடின்ட் படங்களாக, அதாவது செப்புத்தகட்டை அமிலத்தால் அரித்து எடுக்கும் அச்சுப்படங்களாக, வெளியிட்டார்கள். அவை பெரிய தாள்கள். நம் பேச்சுக்குப் பொருந்துவது 1812 முதல் 1816வரை அவர்களே வெளியிட்ட சிறிய பதிப்பு. அதிலிருந்து பிரித்த தனித்தாள்கள் பழைய அச்சுப்பட வியாபாரிகளிடம் வருகின்றன. ஆனால் டேனியல் படங்களின் நவீன மறுஅச்சுகளும் ஊர் முழுக்க இருக்கின்றன, பழுப்பேற்றிச் சட்டம் போட்டு விற்பவர்களும் உண்டு. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்றை வாங்கிப் பையில் வையுங்கள். வானப் பகுதியில் வைத்துப் பாருங்கள். ஒழுங்கான புள்ளி வரிசை தெரிந்தால் அது இயந்திர அச்சு. ஒழுங்கில்லாத நுண்ணிய வலைபோல மணிமணியாகத் தெரிந்தால் செப்புத்தகட்டில் அமிலம் அரித்த தடம். அதற்குப் பிறகு விலையைக் கேளுங்கள்.